எண்ணெய்க்குள் கேட்ட சத்தம்

கத்திப் பட்டறையில் காதுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் ஒரு நாள் அங்கே வந்து நின்று பார்க்க வேண்டும். நெருப்பில் சிவந்த கத்தியை எண்ணெய் டின்னுக்குள் முக்குகிற அந்த மூன்று நாலு நொடியில் கண்ணும் கையும் சும்மாதான். வேலை முழுக்கக் காதுக்குத்தான். எண்ணெய் புஸ்ஸென்று சீறும், புகை கிளம்பும். அந்த இரைச்சலுக்கு அடியில் வேறு எதுவும் கேட்கக் கூடாது. கண்ணாடி வளையல் உரசின மாதிரி ஒரே ஒரு 'டிங்' கேட்டுவிட்டால் தீர்ந்தது கதை. இரும்புக்குள் எங்கேயோ மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருக்கிறது. அந்தக் கத்தியைத் தூர எறிந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒட்டுப்போடுவது, பூசி மெழுகுவது எல்லாம் அதில் நடக்காது.

அந்தப் பட்டறையில் காது தங்கையுடையது. அண்ணனுக்கு முப்பது வருஷம் சுத்தியல் பிடித்ததில் காது மந்தமாகிவிட்டது. பக்கத்தில் லாரி ஹாரன் அடித்தால் "யாரோ கூப்பிடறாங்க போல" என்று திரும்பிப் பார்ப்பார். அதனால் உலை, சுத்தியல், நெருப்பு எல்லாம் அவர் பக்கம். அளவெடுப்பது, வரைவது, தகரத்தில் மாதிரி வெட்டுவது, தேய்ப்பது, பிடி போடுவது எல்லாம் அவள் பக்கம். எண்ணெயில் முக்குகிற நேரத்தில் மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து நிற்பார்கள். அவர் முக்குவார், முக்கிவிட்டுக் கத்தியைப் பார்க்க மாட்டார், அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் ஒரு தடவை தலையாட்டினால் கத்தி நல்ல கத்தி. அவ்வளவுதான் அவர்கள் சட்டம். அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. "ஏய் காது, இங்க வா" என்பார். அவள் புருஷன்கூட வீட்டில் கோபம் வந்தால், "உங்க அண்ணன் சொன்னா மட்டும் காது கேக்கும், நான் சொன்னா கேக்காது" என்று அதையே பிடித்துக்கொள்வான்.

சமையல்காரர்களுக்கு மட்டும்தான் அங்கே கத்தி. அதுவும் எடுத்தோம் கொடுத்தோம் என்று கிடையாது. கத்தி வேண்டுமென்று வருகிறவர் முதலில் ஈரக் களிமண் உருண்டை ஒன்றைக் கையில் வாங்கி, வெங்காயம் நறுக்கும்போது எப்படிப் பிடிப்பாரோ அப்படியே இறுக்கிப் பிடிக்க வேண்டும். விரல் பதிந்த அந்த மண்ணைக் காயவைத்து அலமாரியில் வைப்பாள். பிடியை அந்தப் பள்ளங்களுக்குத் தக்கபடி மரத்தில் இழைப்பாள். அலமாரிக்கு மேலே, சுவரில், அவரவர் கத்தியின் தகர மாதிரி ஆணியில் தொங்கும். கீழே கை, மேலே கத்தி. அறுபது எழுபது பேருடைய கைகள் அந்தச் சுவரோரம் இருந்தன.

கடைசியாக வந்தது ஒரு பெரிய சமையல்கூடத்தின் தலைமைச் சமையல்காரி. அங்கே எல்லோரும் அவளைப் பெரியக்கா என்பார்கள். ஆளும் பெரிசு, குரலும் பெரிசு. களிமண்ணை வாங்கி ஒரே பிடியாகப் பிடித்துவிட்டு, "என் மாமியார் கழுத்துன்னு நெனச்சுப் பிடிச்சேன், சரியா பதிஞ்சிருக்கா பாரு" என்றாள். அண்ணனுக்கு அது ஒன்று மட்டும் நன்றாகக் கேட்டது. இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தார்.

அந்த இருமல்தான் பிரச்சனை. அந்த வாரமே டாக்டர் அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். "சுத்தியலைக் கீழ வைங்க. இல்லேன்னா அது உங்களைக் கீழ வச்சிடும்." அண்ணன் கேட்காததுபோல் இருந்தார். தங்கை அதையே எழுதிக் காட்டினாள். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பெரியக்காகிட்ட வாக்குக் குடுத்தாச்சு. இது ஒன்னு முடியட்டும். அதோட உலையை அணைச்சுடறேன்" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான். அதனால் அவளுக்கு அந்தக் கத்தி சீக்கிரம் முடிய வேண்டும் என்பது தவிர உலகத்தில் வேறு ஆசை இல்லாமல் போயிற்று.

ஒரு கத்தி உருவாக இருபது தடவையாவது உலையில் வைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து அடி. பலமான அடிகளை அவள் எதிரே நின்று பெரிய சுத்தியலால் போட்டாள். இருந்தும் அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கடைசியில் ஒரு சாயங்காலம் கத்தி எண்ணெய்க்குத் தயாராயிற்று. அவர் முக்கினார். எண்ணெய் சீறியது.

அதற்கு அடியில், டிங்.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கினதைக்கூடத் துடைக்காமல் பார்த்தார். கேட்டது என்று சொன்னால் நாளைக்குக் காலையில் மறுபடி உலை மூட்டுவார், மறுபடி இருபது தடவை. கேட்கவில்லை என்றால் இன்றோடு முடிந்தது. அவள் தலையாட்டினாள்.

பொய் சொல்ல வாய் வேண்டும் என்று யார் சொன்னது. பதினெட்டு வருஷத்தில் அந்தக் காது சொன்ன முதல் பொய் அது. அண்ணன் ஒரு நொடி கூடுதலாகப் பார்த்தார், அப்புறம் "சரி" என்றார். கத்தியைப் பிடித்திருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கவிழ்த்த டின் மேல் உட்கார்ந்தார்.

மறுநாள் விடிகாலையிலேயே அவள் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. நாத்தனாருக்கு வயிற்றில் ஆபரேஷன், பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. நாலு நாள். போகும்போது அண்ணனிடம் விரலை ஆட்டிச் சொன்னாள். "சும்மா உக்காந்திருக்கணும். நான் வந்துதான் மிச்ச வேலை."

"நான் என்ன கைக்குழந்தையா? போய்ட்டு வா" என்றார்.

திரும்பி வந்தபோது கத்தி அவள் மேஜைமேல் இருந்தது. கரி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் போய்ச் சுத்தமாகத் தேய்த்து, அடுப்பில் இரண்டு தடவை மிதமாக வாட்டி, பதம் வந்து, வைக்கோல் நிறத்தில் மினுங்கிக்கொண்டு இருந்தது. "சும்மா இருக்க முடியல, உக்காந்த இடத்துல உக்காந்து தேய்ச்சேன்" என்றார். தேய்ப்பதற்கு மூச்சு வாங்காது என்று அவளும் விட்டுவிட்டாள்.

பிடி போடுவதற்கு முன்னால் கத்தியின் வாலில், மரத்துக்குள் போகிற முனையில், ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டிப் பார்ப்பது வழக்கம். நல்ல கத்தி என்றால் கோயில் மணி அடித்து ஓய்கிற மாதிரி ரீங்காரம் நீண்டுகொண்டே போகும். விரிசல் விட்டது என்றால் மரப்பலகையைத் தட்டினதுபோல 'டொக்' என்று செத்துவிடும். அது அவள் வேலை. நூலை எடுத்தாள். கையில் சுற்றினாள். திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டாள். தெரிந்த பதிலை எதற்குத் தட்டிக் கேட்பது. கண்ணை முடிந்த அளவு வேறெங்கோ வைத்துக்கொண்டு மரப்பிடியை ஒட்டி, ஆணி அடித்தாள்.

அண்ணன் பின்னாலிருந்து கேட்டார். "தட்டிப் பாத்தியா?"

"பாத்தேண்ணா."

அவர் அதற்குச் சிரித்தார். கோணல் இல்லாத சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த தங்கையைப் பார்த்து முன்னொரு காலத்தில் சிரித்த அதே சிரிப்பு. அவளுக்கு அது அப்போது புரியவில்லை.

பெரியக்கா வந்து கத்தியை வாங்கிப் பிடித்துப் பார்த்தாள். அவள் வாய்க்கு அன்றைக்கு வேலையே இல்லை. கத்தியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் அண்ணன் பட்டறை நாற்காலியில், டம்ளரில் பாதி டீ இருக்க, தலை சாய்ந்து போய்விட்டார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "கனமான வேலை ஏதாவது செஞ்சாரா?" என்று கேட்டார்.

"இல்லையே சார். கடைசி ரெண்டு வாரமா சும்மாதான் இருந்தார்" என்றாள் தங்கை. டாக்டர் புருவத்தைத் தூக்கினார்.

சாவுக்கு வந்த சமையல்காரர்கள் ஆளாளுக்கு ஒன்றையே சொன்னார்கள். அந்த மனுஷன் கையிலிருந்து ஒரு மோசமான கத்தி வெளியே போனதில்லை. ஒவ்வொருவர் சொன்னபோதும் அவள் மனசுக்குள் திருத்திக்கொண்டாள். ஒன்று போயிருக்கிறது. அவர் அடித்த கடைசிக் கத்தி. அது எந்த நிமிஷம் வேண்டுமானாலும் பிடிக்குப் பக்கத்தில் படக்கென்று முறியலாம். முறிகிற நேரத்தில் அதன்மேல் பெரியக்காவின் உடம்பு பாரம் முழுக்க இருக்கும், உடைந்த துண்டு மறு கையின் விரலுக்கு மேல் இருக்கும். விரல் போன சமையல்காரி என்ன செய்வாள்? அண்ணன் பெயர் என்ன ஆகும்? இரண்டையும் ஒரு தலையாட்டலில் செய்து வைத்தவள் அவள்தான்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் அவளைப் பிடித்துக்கொண்டது.

முதலில் டீ டம்ளரில் கரண்டி பட்டபோது கேட்டது. டிங். திரும்பிப் பார்த்தாள், எதிரே அண்ணன் நிற்கிறார், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று தோன்றியது. யாருமில்லை. பிறகு சாவிக்கொத்தில், குழாயடி வாளியில், கடைக்காரர் மேஜைமேல் வைத்த சில்லறையில். சத்தம் எதில் வந்தால் என்ன, அதற்குப் பின்னால் அந்த ஒரு நொடிப் பார்வை வரும். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று காத்துக்கொண்டிருக்கும். வளையலைக் கழற்றினாள். வீட்டில் கண்ணாடி டம்ளரை எடுத்து வைத்துவிட்டுப் பிளாஸ்டிக்கில் டீ ஊற்றினாள். புருஷன், "ஏன், எல்லாத்தையும் உடைச்சிட்டியா?" என்று கேட்டான். ஆமாம் என்றாள். இன்னொரு பொய். அது ஒன்றும் பெரிசாகத் தெரியவில்லை.

பட்டறையில் உலையை மூட்டவே இல்லை. பழைய கத்திகளுக்குச் சாணை பிடித்துக் கொடுத்தும், பிடி மாற்றிக் கொடுத்தும் காலம் ஓடியது. மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அலமாரியில் விழும்போது மண் உருண்டைகளில் விரல் பள்ளங்கள் நிழலால் நிரம்பும். கண்ணுக்குத் தெரியாத கைகள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். மற்றதெல்லாம் பரவாயில்லை. பெரியக்காவின் மண்ணை மட்டும் அவளால் பார்க்க முடியவில்லை. நாலு விரலும் தெளிவாக இருந்தன. சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். மேலே தொங்கிய பெரியக்காவின் தகர மாதிரியின் பக்கம் கை வைக்கவே இல்லை. அதைச் சுற்றி மட்டும் தூசி தட்டினாள்.

மூன்று தடவை போன் பண்ணினாள். "ஒன்னுமில்லக்கா, கத்தி எப்படி இருக்குன்னு கேக்கலாம்னுதான்." ஒவ்வொரு தடவையும் பெரியக்கா, "ராசா மாதிரி இருக்கு. என் புருஷனைவிடச் சொன்ன பேச்சு கேக்குது" என்றாள். தங்கை போனை வைத்துவிட்டு, சொல்லவந்ததை முழுங்கிவிட்டு, வேலையைப் பார்ப்பாள். கோழை என்று தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டினால் தைரியம் வந்துவிடுமா என்ன.

ஒரு வருஷம் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் காலை ஒன்பது மணிக்குப் பெரியக்காவே போன் பண்ணினாள்.

"ஏம்மா, ஒரு சந்தேகம். இன்னிக்கு நானூறு பேருக்குச் சாப்பாடு. பரங்கிக்காய் மலை மாதிரி வந்து எறங்கியிருக்கு, ஒவ்வொன்னும் பாறாங்கல்லு. நம்ம கத்தியை வச்சுப் பொளக்கலாமா, இல்ல வேற எடுக்கட்டுமா?"

பரங்கிக்காயின் தோலில் கத்தி பாதி இறங்கி மாட்டிக்கொள்ளும். எல்லோரும் அப்போது ஒரு திருகு திருகுவார்கள். நல்ல கத்திக்கே அதில் பல் போகும்.

"வேணாங்க்கா. தொடாதீங்க. நான் வரேன்" என்றாள்.

"நீ எதுக்கு வரணும், பொளக்கலாமா வேணாமான்னு..."

"வரேன்க்கா. அதைக் கீழ வைங்க."

நடையாகவே போனாள், பாதி ஓட்டமும் பாதி நடையுமாக. மாற்றுக்குக் கொடுக்க வேறொரு கத்தியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்திருந்தாள். வழியில் சைக்கிள் மணி ஒன்று அடித்தது, டிங். நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவன் ஏதோ சொல்லித் திட்டிவிட்டுப் போனான்.

சமையல்கூடத்துப் பின்வாசலில் காய்கறிக் கூடைகள். உள்ளே ஆவி, பாத்திரச் சத்தம், ஐந்தாறு பேர். நடுவில் நீளமான நறுக்குமேடை. அதன் ஒரு முனையில் பரங்கிக்காய்கள் கோபுரமாக அடுக்கியிருந்தன. பெரியக்கா அவள் சொன்னதைக் கேட்டுக் கீழே வைக்கவில்லை. கேட்டால் அவள் பெரியக்கா இல்லை. பரங்கிக்காயைத் தொடாமல், வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி பலகையில் டக்டக்டக்டக் என்று இறங்க, இடது கை விரல்கள் அதன் முன்னால் நண்டு மாதிரி பின்வாங்கிக்கொண்டே போயின. ஒவ்வொரு டக்குக்கும் தங்கைக்கு உயிர் போய் வந்தது.

"அக்கா, அந்தக் கத்தியை என்கிட்ட குடுங்க. ஒரு வாரம். இதை வச்சுக்குங்க."

பெரியக்கா நறுக்குவதை நிறுத்தாமல் சொன்னாள். "என் புருஷனைக் கேளு, யோசிக்காமக் குடுத்துடறேன். இதைக் குடுக்க மாட்டேன்."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கை சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த பெரியக்காவின் கை நின்றது. கத்தியைத் துடைத்து மேடைமேல் வைத்தாள். அவள் தோளைப் பிடித்து மளிகைச் சாமான் அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்னன்னு சொல்லு."

அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடி அவள் சொன்னாள். ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது எல்லாம் கொட்டிற்று. எண்ணெயில் முக்கியது, டிங் கேட்டது, அண்ணன் பார்த்தது, தான் தலையாட்டியது, நூலை எடுத்துத் திரும்ப வைத்தது. "அது விரிசல் விட்ட கத்திக்கா. தெரிஞ்சேதான் உங்க கையில குடுத்தேன். எங்க அண்ணனுக்குத் தெரியாது. அவர் மேல தப்பு இல்ல. அவர் இன்னொரு தடவை சுத்தியலைத் தூக்கக் கூடாதுன்னு நான்தான் மறைச்சேன். உங்க விரல் போனாலும் பரவாயில்ல, எங்க அண்ணன் இருக்கணும்னு நெனச்சேன். அவரும் இல்ல." மூக்கைப் புடவையில் துடைத்தாள். "என்னை அடிச்சாலும் சரி, ஊரெல்லாம் சொன்னாலும் சரி. கத்தியை மட்டும் குடுத்துடுங்க."

பெரியக்கா ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தாள். அவள் பேசாமல் இருந்ததைத் தங்கை இரண்டாவது தடவையாகப் பார்த்தாள்.

"அந்தக் கத்தியில விரிசல் இல்லம்மா" என்றாள்.

"இருக்குக்கா. என் காதால கேட்டேன்."

"நீ கேட்ட கத்தி வேற. என்கிட்ட இருக்கறது வேற."

தங்கைக்குப் புரியவில்லை.

"நீ ஊர்ல இல்லாத அந்த நாலு நாள். கத்தி எப்படித்தான் ஆகுதுன்னு பாக்கலாம்னு ரெண்டாம் நாள் அந்தப் பக்கம் வந்தேன். சுத்தியல் சத்தம் தெருமுனையிலயே கேட்டுச்சு. உள்ள பாத்தா உங்க அண்ணன் ஒத்தையில அடிச்சுக்கிட்டு இருக்கார். பத்து அடி அடிப்பார், போய் அந்தக் கவுத்த டின் மேல உக்காருவார். நெஞ்சைத் தடவிக்குவார். எழுந்துவந்து மறுபடி பத்து அடி. என்னங்க இது, தங்கச்சி எங்கன்னு கேட்டேன். முதக் கத்தி எண்ணெயில போயிடுச்சு, இது ரெண்டாவதுன்னார்."

"அவருக்கு எப்படித் தெரியும்? நான் தலையாட்டினேனே."

"அதையும்தான் சொன்னார்." பெரியக்கா சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினாள். "'தங்கச்சி கேக்கலன்னு தலையாட்டுச்சு. ஆனா முகம் அப்படிச் சொல்லல. பதினெட்டு வருஷமா நான் பாத்தது அந்த முகத்தைத்தானே. நான் சாகக் கூடாதுன்னு பொய் சொல்லுது, அதைப் போய்த் தப்புன்னு சொல்ல முடியுமா? ஆனா உங்க கையில உடைஞ்ச கத்தியைக் குடுக்கவும் முடியாது. அதான் அது வர்றதுக்குள்ள முடிச்சுடலாம்னு.' இப்படிச் சொன்னார். நான் போதும் நிறுத்துங்கன்னு சண்டை போட்டேன். காது கேக்காத மாதிரியே இருந்துட்டார்."

"அப்போ எண்ணெய்ச் சத்தத்தை யாருக்கா கேட்டாங்க?" என்றாள் தங்கை.

"மூணாம் நாள் என்னை வரச் சொன்னார். ஒரு காது வேணும், வாங்கன்னார். எண்ணெயில முக்கிட்டு என் மூஞ்சியைப் பாத்தார். ஒன்னும் கேக்கலங்க, எண்ணெய் சத்தம்தான்னேன். நெஜமாவான்னு மூணு தடவை கேட்டார். அப்புறம் நூல்ல கட்டித் தட்டிக் காட்டினார். அவ்வளவு நேரம் பாடுச்சு அது. எனக்குக் கேக்குதுங்கன்னு சொன்னதும் சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம். தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னார். அது தாங்காதுன்னார். செத்துப்போன மனுஷனுக்குக் குடுத்த வாக்கு, அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீ போன் பண்ணும்போதெல்லாம் கத்தி நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு சொன்னேனே, உனக்கு அது போதும்னு நெனச்சேன். நீ இப்படி வெந்துக்கிட்டு இருக்கேன்னு எனக்கு என்ன தெரியும்."

பெரியக்காவின் விரல் பத்தும் பத்திரமாக இருந்தது. கத்தி நல்ல கத்தி. அண்ணன் பெயருக்கு ஒரு கீறல் இல்லை. ஒரு வருஷமாக எது நடந்துவிடுமோ என்று செத்துப் பிழைத்தாளோ அது நடக்கவே போவதில்லை. அவளுக்கு அப்போது தோன்றியது ஒன்றுதான். கேட்டது என்று அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், நாத்தனார் வீட்டுக்குப் போயிருக்க மாட்டாள். கையைக் காலைப் பிடித்தாவது நிறுத்தியிருப்பாள். நிற்காவிட்டால் எதிரே நின்று பாதி அடியை, முக்கால் அடியை அவளே போட்டிருப்பாள். அவரைத் தனியாக அடிக்கவிட்டது அந்தத் தலையாட்டல். டாக்டரிடம் சும்மாதான் இருந்தார் என்று சாட்சி சொன்னதும் அவளே.

பரங்கிக்காயைப் பிளக்க வேறு பெரிய வெட்டுக்கத்தியை எடுக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அந்த நிலையிலும் அதைச் சொன்னாள், தொழில் அப்படி. பெரியக்கா வாசல்வரை வந்து, சாப்பிட்டுவிட்டுப் போ என்று கையைப் பிடித்தாள். இன்னொரு நாள் வரேன்க்கா என்றாள்.

பட்டறைக்கு வந்து ஜன்னலைத் திறந்தாள். முதல் கத்தி எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அண்ணன் எந்தப் பொருளையும் அதன் இடத்தில்தான் வைப்பார். சுவரில் பெரியக்காவின் தகர மாதிரியை ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தொட்டாள். தூசி விரலில் ஒட்டியது. அதை ஆணியிலிருந்து எடுத்தால், பின்னால் அதே அளவில், அதே வடிவில், கரி அப்பிய கத்தி ஒன்று தொங்கியது. அவள் பார்க்க மாட்டாள் என்று தெரிந்தே அங்கே மாட்டினாரா, என்றைக்காவது பார்க்கட்டும் என்று மாட்டினாரா. கேட்பதற்கு ஆள் இல்லை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிடி வருகிற இடத்துக்கு ஒரு விரல் தள்ளி, முதுகிலிருந்து கீழே இறங்கும் ஒரு கோடு. அங்கே மட்டும் அவர் கரியைத் துணியால் துடைத்திருந்தார். துடைத்த தடம் அப்படியே இருந்தது.

நூலை எடுத்தாள். வாலில் கட்டித் தூக்கிப் பிடித்து நகத்தால் சுண்டினாள். டொக். அவ்வளவுதான். அவளை ஒரு வருஷம் தூங்கவிடாத கத்திக்குள் ஒரு சத்தமும் இல்லை.

எண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில், தான் எப்போதும் நிற்கிற இடத்தில் போய் நின்றாள். எதிரே கவிழ்த்த டின் இருந்தது.

"கேட்டுச்சுண்ணா" என்றாள். "அப்பவே கேட்டுச்சு."

அந்த டிங் அதற்குப் பிறகு வரவில்லை. வீட்டில் கண்ணாடி டம்ளர்கள் மறுபடி வெளியே வந்தன. வளையல் போட்டுக்கொண்டாள். புருஷன்கூட, "பரவாயில்லையே, ஆள் தேறிட்டே" என்றான். ஆனால் சாயங்காலங்களில், தேய்க்கிற மெஷினை நிறுத்திவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கும்போது, அவளுக்குச் சுத்தியல் சத்தம் கேட்கிறது. தான் ஊரில் இல்லாத அந்த நாலு நாளின் சத்தம், அவள் காதால் கேட்காமல்போன ஒரே சத்தம். எண்ணிக்கொண்டே இருப்பாள். பத்தாவது அடியோடு நிற்கும். அவர் போய் டின் மேல் உட்கார்ந்திருக்கிறார், நெஞ்சைத் தடவிக்கொள்கிறார் என்று அவளுக்குத் தெரியும். போதும்ணா, வச்சிடுங்க என்று வாய்விட்டுச் சொல்வாள். அவருக்குத்தான் காது மந்தமாயிற்றே. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பிக்கும்.